இரண்டு பங்கு கோதுமை

2015 ஒக்டோபர் 17, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். வெளியே ஏழு பாகை. காலையிலிருந்து நிற்காத தூறல். டோர்ட்மண்டில் நாங்கள் நான்காம் மாடியில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு மின்தூக்கி கிடையாது. கீழிருந்து எங்கள் கதவுவரை அறுபத்தெட்டுப் படிகள். அவ்வளவையும் ஏறி வந்து ஒருவர் மணி அடித்தார். கையில் தட்டு, தட்டின் மேல் ஈரத்துணி, துணிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் நூல்நூலாக ஏதோ கிடந்தது.

"வணக்கம் அண்ணை. கீழ்வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிறன். இது சொபா, ஒருவகை நூடில்ஸ். குடிவந்தா அக்கம்பக்கத்துக்குக் குடுக்கிறது வழக்கம்."

"ஆற்றை வழக்கம்?" என்று கேட்டேன்.

"யப்பான்காரற்றை."

"தம்பி யப்பானோ?"

"இல்லை அண்ணை, பருத்தித்துறை."

பின்னால் நின்ற என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். கலியாணம் முடித்து முப்பத்தொரு வருடத்தில் என்னுடைய பகிடிக்கு அவள் அப்படிச் சிரித்தது நான்கு தடவை. அந்த மனிதர் எங்கள் வாசலில் நின்றது மூன்று நிமிடம்கூட இல்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுத எனக்கு உரிமை இல்லை என்பதைக் கடைசிவரை வாசிப்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். தனியாள். டுசுல்டோர்ஃப் நகரில் யப்பானியர் நிறைய வாழும் பகுதியில் ஒரு சொபாக் கடையில் வேலை. ரயிலில் ஒரு மணித்தியாலப் பயணம். கோப்பை கழுவத்தான் அங்கே சேர்ந்தவர். கடைக்காரக் கிழவர் மா குழைக்கும் மேசை, கழுவும் தொட்டிக்கு நேர் எதிரே. எட்டு வருடம் கழுவிக்கொண்டே பார்த்திருக்கிறார். கிழவருக்கு மணிக்கட்டு நோவு கண்ட ஒரு நாள், வேறு ஆளில்லாமல் இவரைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னாராம். செய்தார். அடுத்த நாளே கோப்பைக்கு வேறு ஆள் தேடினார்கள்.

இந்தக் கதையே எனக்கு எரிச்சல். நான் கணிதப் பட்டதாரி. இந்த நாட்டுக்கு வந்து பொதி பிரிக்கும் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் நின்றேன். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு எதிரே ஒரு சுவர்தான் இருந்தது.

ஞாயிறு கடைக்கு விடுமுறை. அன்று தன் குசினியில் எங்களுக்கென்று மா குழைப்பார். மனைவி இறங்கிப் போவாள். நானும் கூடவே போவேன். போகாமல் மேலே இருந்தால் நிமிடங்களை எண்ணவேண்டி வரும்.

அந்தக் குசினியில் தராசு இல்லை. அளவுக்கோப்பை இல்லை. சுவரில் மணிக்கூடு இல்லை, கையிலும் இல்லை. பெரிய கறுப்புக் கோப்பையில் மாவைப் போட்டு, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தித் தெளித்து, விரல் நுனிகளால் கிளறுவார். மா முதலில் தூளாக இருக்கும், பிறகு மணலாக, பிறகு பயறளவு உருண்டைகளாக, திடீரென்று ஒரே கட்டியாக வந்து நிற்கும்.

"எத்தனை மில்லிலீற்றர் தண்ணி?" என்று கொப்பியை விரித்துக்கொண்டு கேட்டேன்.

"கை சொல்லும் அண்ணை. இண்டைக்கு மழை. மா ஏற்கெனவே கொஞ்சம் குடிச்சிட்டுது."

"சுமாரா ஒரு கணக்குச் சொல்லுமன்."

"கணக்கெண்டால் ஒண்டுதான் இருக்கு. எட்டுப் பங்கு சொபா மா, இரண்டு பங்கு கோதுமை மா. கோதுமை இல்லாட்டி இழை அறுந்துபோம். மற்றதெல்லாம் கைதான்."

மூன்று வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே கணக்கு அதுதான்.

நூடில்ஸ் கொதிக்கும்போது கண்ணை மூடி, காதைச் சற்றே பானைப் பக்கம் சரித்து நிற்பார். நான் மேசைக்குக் கீழே நிறுத்துக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நான்கு ஞாயிறு. ஐம்பத்தெட்டு விநாடி, அறுபத்தொன்று, ஐம்பத்தொன்பது, அறுபது.

"எப்பிடித் தெரியுது?"

"சத்தம் மாறும் அண்ணை. கேக்கேல்லையோ?"

எனக்குக் கேட்கவில்லை. "எனக்குக் கேக்குது தம்பி," என்றாள் மனைவி. அவளுக்கு இடது காது அரைவாசிதான் கேட்கும். அதற்கு டேர்மின் என்கிற சந்திப்பு நேரம் வாங்கி டொக்டரிடம் கூட்டிப்போனவனே நான்தான்.

இன்னொரு நாள் அவர் வெட்டியதில் இருபத்துமூன்று இழைகளை எடுத்து அடிமட்டம் வைத்து அளந்தேன். இருபத்திரண்டு ஒரே அகலம். ஒன்று மட்டும் கொஞ்சம் தடிப்பு. அந்த ஒரு இழை எனக்கு நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்தது. அவரிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை.

"அது உங்களுக்கெண்டு வெட்டினது அண்ணை," என்றார். "நீங்கள் முப்பத்திரண்டு தரம் மெல்லுற ஆளல்லோ. மெல்லிசெண்டால் கணக்கு முடிய முதல் கரைஞ்சுபோம்."

மனைவி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முப்பத்திரண்டு என்று அவருக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை.

தேநீரை உறிஞ்சிக் குடித்தால் அவளுக்குப் பிடிக்காது. "சத்தம் போடாமல் குடியுங்கோ" என்று முப்பத்தொரு வருடம் சொல்லி என்னை அடக்கி வைத்திருந்தாள். சொபாவை உறிஞ்சித்தான் சாப்பிடவேண்டும், உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போனால்தான் மணம் தெரியும் என்று இவர் ஒரு தடவை சொன்னார். ஒரே ஒரு தடவை. அன்றே அவள் ஊர் கேட்க உறிஞ்சினாள். நான் சத்தமில்லாமல் மென்றுகொண்டிருந்தேன்.

இதைச் சந்தேகம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அவளையும் அவரையும் நான் ஒரு நாளும் தவறாக நினைத்ததில்லை. நினைத்திருந்தால் அதற்கொரு மரியாதையாவது இருந்திருக்கும். எனக்கு இருந்தது ஒருவருடைய கைமேல் பொறாமை. அளக்காத கை எப்படிப் பிழைக்காமல் இருக்கிறது என்ற பொறாமை.

மனைவிக்கு நீரிழிவு. அவளுடைய விரலில் குத்தி, இரத்தச் சீனியைக் காலையிலும் மாலையிலும் கொப்பியில் எழுதுவது என் வேலை. சோற்றைக் கரண்டியால் எண்ணிப் போடுவதும் நான்தான். ஊரில் சிவப்புப் புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் இங்கே வந்து மூன்று நேரமும் வெள்ளைப் பாஸ்மதிக்கு மாறியிருந்தோம். ஒரு நேரத்துக்குப் பத்துக் கரண்டி என்று விதித்தேன். நான் குளிக்கும் நேரத்தில் பானையிலிருந்து பதினோராவதும் பன்னிரண்டாவதும் காணாமற்போகும்.

"அக்கா, இரவுச் சாப்பாட்டுக்குச் சோத்தை விட்டிட்டு இதைச் சாப்பிட்டுப் பாருங்கோ," என்று அவர் சொன்னார். "மருந்தெண்டு நினைக்காதேங்கோ. இதுவும் மாச்சத்துத்தான். ஆனா வெள்ளைச் சோறுமாதிரி உடனை ஓடிப்போய் ரத்தத்திலை ஏறாது. குளிசையை நிப்பாட்டிப் போடாதேங்கோ, என்ன?"

அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் அவளுக்கென்று ஒரு தட்டு கீழே காத்திருக்கும். எட்டு மாதத்தில் அவளுடைய மூன்றுமாதச் சராசரிச் சீனி எட்டுத் தசம் நாலிலிருந்து ஏழு தசம் மூன்றுக்கு இறங்கியது. என்ன செய்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். "கீழ்வீட்டுத் தம்பி," என்றாள். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ள கொப்பி என் மடியில் இருந்தது. நான் விடவில்லை. நூடில்ஸ் எடுக்க அவள் இறங்கி ஏறும் படிகள் போக வர நூற்று முப்பத்தாறு, காரணம் அந்த நடைதான் என்றேன். இரண்டும்தான் காரணமாக இருக்கும் என்று டொக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு இருக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் அவித்த தண்ணீரைச் சின்னக் கோப்பையில் ஊற்றித் தருவார். வெண்மையாக, கஞ்சிபோல இருக்கும். "இழையிலை இருக்கிற நல்லது பாதி இதுக்கை இறங்கியிருக்கும். ஊத்தக்கூடாது." மீந்த சாற்றில் கலந்து குடிக்கவேண்டும். அப்படிக் குடிக்கும்போது யாரும் பேசமாட்டோம். நான்கூட எதையும் எண்ணியதாக நினைவில்லை.

2018 வைகாசியில் தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழாவுக்கு ஒரு சொபாக் கடை போடும்படி மனைவிதான் அவரை நெருக்கினாள். அவர் படியேறி என்னிடம் வந்தார்.

"அண்ணை, இது என்ன சாமானெண்டு சனத்துக்குத் தெரியாது. சரித்திரம், உடம்புக்கு என்ன நல்லது, எல்லாத்தையும் ஒரு பக்கத்திலை எழுதித் தாங்கோ. நீங்கள் படிச்ச ஆள்."

எனக்குத் தெரிந்ததை இதிலே குறித்திருக்கிறேன் என்று ஒரு தாள் தந்தார். கோணல் எழுத்தில் ஐந்து வரிகள். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு: "இரண்டு பங்கு கோதுமை இருக்கு. பெரிசா எழுதுங்கோ."

நூலகத்தில் ஜேர்மன் மொழியில் நான்கு புத்தகம் எடுத்து, பதினொரு நாள் உழைத்தேன். சொபா மாவை ஜேர்மனியர் புக்வைட்ஸன் என்பார்கள், பெயரில் வைட்ஸன், அதாவது கோதுமை, இருந்தாலும் அது கோதுமை அல்ல, புல் வகைகூட அல்ல, புளிப்புக் கீரைகளுக்கு உறவான ஒரு செடியின் விதை என்று தொடங்கினேன். நெல் விளையாத மலைநிலத்தில் இரண்டரை மாதத்தில் விளைந்து ஏழைகளின் பசி தீர்த்ததை எழுதினேன். நெடுங்காலம் அதைச் சுடுதண்ணீரில் கிண்டிக் களியாகத்தான் தின்றார்கள். இழையாக வெட்டத் தொடங்கியது ஏறத்தாழ நானூறு வருடங்களுக்கு முன்புதான். பழைய தோக்கியோவில் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்றவர்களுக்குக் கால் வீங்கி, நடை தளர்ந்து, நெஞ்சு அடைத்தது. சொபா தின்றவர்களை அந்த வருத்தம் அவ்வளவு அண்டவில்லை. தீட்டும்போது போய்விடும் உயிர்ச்சத்து சொபாவில் இருந்ததுதான் காரணம் என்று பிற்காலத்தில்தான் விளங்கியது. வருட முடிவில் அதை உண்பார்கள். எளிதில் அறுகிற இழை என்பதால் அந்த வருடத்தின் கெடுதி அதோடு அறுந்துபோகும் என்பது நம்பிக்கை. புரதம், நார்ச்சத்து, இரத்தக் குழாய்களுக்கு நல்லதென்று சொல்லப்படும் ரூட்டின் என்ற பொருள், எல்லாவற்றையும் எழுதினேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு சொற்கள். ஒவ்வொன்றும் உண்மை.

கோதுமை வரியை எழுதவில்லை.

மறக்கவில்லை. விழாவில் இரண்டரை மணிக்குப் பாடசாலைத் தலைவர் பேசுவார், எல்லோரும் கூடி நிற்பார்கள். அப்போது எழுந்து, "தம்பி, இதிலை கோதுமை கலந்திருக்கோ?" என்று கேட்பது என் எண்ணம். அவர் ஓம் என்று சொல்லவேண்டும். சனத்தின் முகம் ஒரு கணம் மாறவேண்டும். என் மனைவியின் முகமும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

விழாவன்று காலை, எழுதியதை அவரிடம் நீட்டினேன். வாங்கி நேரே பலகையில் ஒட்டினார்.

"வாசிச்சுப் பாருமன்."

"அண்ணை எழுதினது. பிறகென்ன வாசிக்கிறது?"

ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பாடசாலை ரீச்சர் ஒருவர் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்குக் கோதுமை பட்டாலே குடல் புண்ணாகிற வருத்தம். விழாக்களுக்குத் தன் சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுவருகிறவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"சேர், இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம்."

"அப்ப நம்பலாம்."

ஒரு கோப்பை வாங்கினார். அவருக்கும் எனக்கும் இடையில் மூன்று கதிரைதான் இருந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இப்போது சொன்னால் முன்பே தெரிந்திருந்தது வெளிப்படும் என்று மூடினேன். முதல் வாய் போனது. இரண்டாவது போனது. "என்ன ருசி சேர்!" என்றார். பதினொரு வாய். பிறகு அவித்த தண்ணீரையும் குடித்தார்.

இரண்டரை மணிக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை.

ரீச்சர் நான்கு நாள் படுக்கையில் கிடந்தார். அதில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில். அடுத்த ஞாயிறு பாடசாலை நிருவாகம் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டது. நான் நிருவாக உறுப்பினன், வரிசையில் ஐந்தாவது கதிரை. தலைவர் அந்தத் தாளை மேசையில் போட்டார்.

"கோதுமை இல்லையெண்டு எழுதி ஒட்டிப்போட்டுக் கோதுமையைக் குடுத்திருக்கிறீர். ஒரு மனிசி செத்திருந்தால்?"

அவர் தாளை எடுத்து, அன்றுதான் முதல் தடவையாக வாசித்தார். வரிக்கு வரி விரல் வைத்து, மெதுவாக. கடைசிச் சொல்லைத் தாண்டி வெறும் தாளிலும் அந்த விரல் கொஞ்சத் தூரம் போனது. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"என்ரை பிழைதான். ஒட்ட முதல் வாசிச்சிருக்கோணும்."

"எழுதினது ஆர்?"

"நான் சொன்னதைத்தான் அண்ணை எழுதினவர்."

ஐந்தாவது கதிரையில் இருந்தவன் ஒரு சொல் பேசவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அந்த நேரத்திலும் எனக்கு அவர்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு பொய்யை எவ்வளவு இலேசாக, அளந்து பாராமல் தூக்கித் தந்துவிட்டார்!

அதன்பின் எங்களுக்குத் தட்டு வரவில்லை. படிகளில் கண்டால், "அண்ணை சுகமோ?" என்பார், நிற்கமாட்டார். புரட்டாதியில் டுசுல்டோர்ஃபுக்கே வீடு மாறிப் போனார். எங்கள் கதவைத் தட்டவில்லை. "எனக்குக்கூட ஒரு சொல்லுச் சொல்லேல்லை," என்று மனைவி யன்னலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். படி இறங்க அவளுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. இரவுக்கும் சோறு. தைமாதம் மூன்றுமாதச் சீனி எட்டுத் தசம் ஒன்று.

பழைய அளவுகளோடு ஒப்பிட அவள் என் கொப்பியைப் புரட்டியபோது அந்த ஐந்து வரித் தாள் விழுந்தது. நான் எதையும் எறிகிறவன் அல்ல.

"இஞ்சருங்கோ, இது என்ன?"

"அது... அந்த வரியை மறந்துபோனன்."

"நீங்களோ? மறக்கிற ஆளோ நீங்கள்?"

அவள் கத்தவில்லை. விரலில் குத்தும் ஊசிப் பெட்டியையும் கொப்பியையும் எடுத்துத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். "ரீச்சரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. நிருவாகத்துக்குச் சொல்லுங்கோ. பிறகு தம்பியிட்டைப் போய்ச் சொல்லி அவரை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் என்ரை கையைத் தொடவேண்டாம்."

ஒன்பது வருடமாகக் காலையும் மாலையும் அந்த விரலைப் பிடித்தவன் நான். எங்கள் வயதில் வேறு சாட்டில் கை பிடிப்பதில்லை.

ரீச்சரிடம் சொன்னேன். கேட்டு முடித்துக் கதவைச் சாத்தினார். நிருவாகத்துக்குக் கடிதம் எழுதினேன். கதிரையை விட்டேன்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரைக்கு அந்தக் கடைக்குள் போனேன். பதினான்கு இருக்கைகள், பதின்மூன்றில் ஆட்கள். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை உடுப்பில் அவர் வெட்டிக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறவர்கள் கோப்பையைப் பாராமல் அவருடைய கையையே பார்த்தார்கள். என் வாழ்நாளில் யாரும் என் கையை அப்படிப் பார்த்ததில்லை.

அவருக்கு முன்னாலிருந்த வெறும் இருக்கையில் போய் இருந்தேன். சொல்லவேண்டியதை ஏழு குறிப்பாக எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். தாளை எடுக்காமலே மூன்றைச் சொன்னேன். கத்தியின் சத்தம் மாறவில்லை.

"ரீச்சருக்குச் சொன்னீங்களோ?"

"சொன்னனான்."

"இப்ப சுகமோ அவ?"

"சுகம்."

தலையை ஆட்டினார். ஒரு பிடி இழையை எடுத்துப் பானைக்குள் போட்டு, காதைச் சரித்து நின்றார். நானும் கேட்டுப் பார்த்தேன். கொதிக்கிற சத்தம்தான் கேட்டது. கோப்பை வந்தது. வெட்கக்கேடு, நான் முழுவதும் சாப்பிட்டேன். அவ்வளவு ருசி. உறிஞ்சித்தான் சாப்பிட்டேன்.

"மனிசி உம்மைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ," என்றேன். "ஒருக்கா வாருமன். எனக்காக இல்லை."

மாவை அடுத்த உருண்டையின் மேல் தூவினார்.

"அக்காவுக்கு இரவுச் சோத்தை விடச் சொல்லுங்கோ. இந்த மா அங்கத்தைக் கடையளிலையும் இருக்கு. களியாக் கிண்டினாலும் நல்லதுதான்."

"வரமாட்டீரோ?"

அவித்த தண்ணீரைச் சின்னக் கோப்பையில் ஊற்றி இரண்டு கையாலும் என் முன்னால் வைத்தார். கடையில் எல்லோருக்கும் வைப்பதுபோல, தலையைக் குனிந்து.

"வேறை ஏதும் வேணுமோ, ஐயா?"

மூன்று வருடத்தில் அவர் என்னை அண்ணை என்று அழைத்தது ஆயிரம் தடவைக்குக் குறையாது. ஐயா என்று அழைத்தது இதுதான் முதல்.

பரிமாறும் பெண் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நம்மவர் கடைக்குப் போனால் சீட்டு வந்ததும் உள்ளிருந்து ஒரு குரல் வரும், "அவரிட்டைக் காசு வாங்காதேங்கோ" என்று. காத்திருந்தேன். அவர் அடுத்த உருண்டையை விரிக்கத் தொடங்கியிருந்தார். கதவடியில் ஆட்கள் இடத்துக்குக் காத்து நின்றார்கள். பணப்பையை எடுத்தேன்.

ரயிலுக்குத் தனியாகச் செலவில்லை. முதியோர் மாதச்சீட்டு இருந்தது. ஆகவே மொத்தம் பதினான்கு யூரோ எண்பது சதம்.